சனி இரவு காபரே, திங்கள் காலை ஸ்டோர்

கேள்வி
ஸ்டோர் பாட்டுக்காரன், தலவாக்கலைப் பக்கம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆடுவதில்லை.

நுவரெலியாவில் சனி இரவுகளில் நான் பாடும் ஹோட்டலில் போன ஏப்ரல் சீசனுக்கு ஒரு நோட்டீஸ் அடித்தார்கள். ‘பழங்காலக் காபரே இரவு’ என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே சிவப்பு வெயிஸ்ட்கோட்டும் உருண்டைத் தொப்பியுமாக என் படம். அது எப்படியோ எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. காபரே என்றால் நம் ஆட்களுக்குத் தெரிந்தது பழைய சினிமாவில் வில்லனின் இருப்பிடத்தில் நடக்கும் ஆட்டம் ஒன்றுதான். என் மாமியார் மூன்று நாள் என் மனைவியோடு பேசவில்லை. என்னோடு பேசினார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் உண்மையில் செய்வது இவ்வளவுதான். ஒரு பியானோ, வாசிக்க ஒரு பையன், மேசைக்கு மேசை பாட்டு வரிகள் அச்சிட்ட தாள். நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் பாட்டுகளில் சரணத்தை நான் பாடுவேன். பல்லவியைச் சாப்பிட வந்தவர்கள் பாட வேண்டும். பாடாத மேசையைக் கையில் இருக்கும் மரச் சுத்தியலால் காட்டி வம்புக்கு இழுப்பேன். இருவர் ஓட்டும் சைக்கிளைப் பற்றிய ‘டெய்ஸி பெல்’ 1892இல் ஹாரி டேக்கர் எழுதியது. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினியைப் பாட வைத்தபோது அது பாடிய பாட்டும் இதுதான். “இரும்புப் பெட்டியே பாடிவிட்டது, உங்களுக்கு என்ன வெட்கம்?” என்று கேட்டால் எந்த நாட்டுக்காரரும் வாயைத் திறந்துவிடுவார். ஒன்றரை மணி நேரம் இப்படி ஓடும்.

இதைக் கற்றுக்கொடுத்தவர் நுவரெலியாவில் இருந்த ஒரு பறங்கியர், ஐரோப்பியக் கலப்பு வம்சத்து இலங்கையர். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பார். அந்தக் காலத்தில் தோட்டத்துரைமார் கிளப்புகளில் பியானோவும் வாசித்தவர். பாடசாலை விடுமுறையில் அவர் வீட்டுத் தோட்டத்தில் புல் வெட்டப் போன எனக்கு, கூலியோடு பாட்டும் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது ஒரு தகரப்பெட்டி நிறையப் பாட்டுத்தாள்களை எனக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனார். கறையான் அரித்தது போக நூற்றுப்பத்துப் பாட்டுகள் தேறின.

வாரத்தின் மற்ற நாட்களில் நான் உதவி டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். மாலையில் லொறியில் வரும் கொழுந்தை நிறுத்து எடுத்து, மாடியில் பரப்பி, காற்றாடி போட்டு, இரவெல்லாம் கையால் அள்ளிப் பிசைந்து பார்த்து, விடியுமுன் இலையை உருட்டிக் கசக்கும் ரோலரில் போடுகிறவன். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகச் சுருங்கும். என் தூக்கமும் அதே கணக்கில்தான் சுருங்குகிறது.

நுவரெலியாவுக்கு ஏப்ரலில்தான் சீசன். எங்கள் பக்கத்து மலைகளில் மழை விழுந்து கொழுந்து கொட்டுவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஹோட்டல் வாரத்துக்கு மூன்று இரவு கேட்கும் அதே வாரத்தில் ஸ்டோரில் இரண்டு ஷிப்டும் போதாது. போன வருடம் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்குப் பாடி முடித்து, பஸ் தவறி, நானுஓயா வழியாக ஓட்டோவில் பனிக்குள் தடவித் தடவி வந்து, வெயிஸ்ட்கோட்டைக் கழற்றாமலேயே ரோலருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ரோலர் அறைப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கல்யாணமா தம்பி?” என்று கேட்டார்.

இன்னொன்று, தொண்டை. சலிக்கும் அறைத் தூசியில் ஒரு நாள் நின்றால் மேல் ஸ்தாயி இரண்டு நாள் வராது.

துரைக்கு, அதாவது எங்கள் தோட்ட மனேஜருக்கு, தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். பிப்ரவரியில் வெளிநாட்டு விருந்தாளிகளோடு அவரே வந்து ஐந்தாம் மேசையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மெனுவை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். மூன்றாவது பாட்டில் மெனு இறங்கியது, நான்காவதில் பல்லவி பாடினார், அதுவும் சுருதி விலகி. திங்கட்கிழமை ஸ்டோருக்கு வந்தவர் தூளை முகர்ந்தார், ஈரப்பதம் எவ்வளவு என்றார், போய்விட்டார். இன்றுவரை இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இது அனுமதியா, எச்சரிக்கையா என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கே எழுத வந்தது வேறொன்றுக்காக. இதைத் தமிழில், எங்கள் தோட்டத்து ஆட்களோடு செய்ய வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. இந்தத் தைப்பொங்கலுக்கு மண்டபத்தில் முயன்று பார்த்தேன். அந்த சைக்கிள் பாட்டை அப்படியே தமிழாக்கி, பல்லவியைத் தாளில் அடித்துக் கொடுத்து, “எல்லோரும் பாடுங்கள்” என்றேன். நூற்றைம்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். முடிந்ததும் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஒரு பாட்டி மட்டும், “நல்லாயிருக்கிறது ராசா, இந்த மலையில் யார் சைக்கிள் ஓட்டுவது?” என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரென்றே தெரியாத ஜெர்மன்காரரைப் பாட வைக்கிறேன். நான் குடியிருக்கும் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, ஆட்களைப் பாட வைக்க முடியவில்லை. எங்கே பிழைத்தது? இதே மாதிரி வேலையோடு பாட்டையும் இழுத்துக்கொண்டு போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்
டிப்போ ட்ரம்ஸ், பண்டாரவளை

அண்ணா, நான் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாண வீட்டு பாண்டில் ட்ரம்ஸ். எங்கள் பாண்டில் பாடுகிறவர் ஆசிரியர், கிட்டார் வாசிக்கிறவர் கிராம சேவகர். வேலையும் பாட்டும் ஒன்றாகப் போகுமா என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே பெயர்தான்: வாலி பெஸ்டியன். கூட்டமாகப் பாடி ஆடும் இலங்கைப் பாட்டான கோரஸ் பைலாவுக்குத் தந்தை என்று சொல்லப்படுகிற அந்த மனிதர் பொலிஸ்காரர். பொலிஸ் சீருடையோடு அது ஒத்துப்போனது என்றால் உங்கள் ஸ்டோர் உடுப்போடு ஒத்துப்போகாதா?

ஒரு வேலை மட்டும் உடனே செய்யுங்கள். துரைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். ‘வேலை நேரத்துக்கு வெளியே, தோட்டத்தின் பெயரைப் பயன்படுத்தாமல்’ என்ற இரண்டு வரி அதில் இருக்கட்டும். பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். சுருதி விலகிப் பாடியவர் என்றாலும் துரை துரைதான். நாளைக்கு வேறொருவர் மாற்றலாகி வந்தால் மெனுவுக்குப் பின்னால் ஒளிய மாட்டார்.

இனி உங்கள் பொங்கல் கதைக்கு வருகிறேன். நீங்கள் “பாடுங்கள்” என்று கேட்டதுதான் பிழை. கேட்டால் நம் ஆட்கள் பாட மாட்டார்கள். இடம் விட்டால் பாடுவார்கள். கடைசிச் சொல்லை நீங்கள் பாடாமல் வாயை மூடிவிட்டு நில்லுங்கள்; அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு மண்டபம் சும்மா இருக்காது. ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’யை இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் எடுத்தாலும் அந்தப் பெயரை நாங்கள் பாட வேண்டியதே இல்லை. முதல் முறை விட்டுப் பார்த்தபோது எனக்கே பயமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில்தான் நான் தண்ணீர் குடிக்கிறேன்.

அடுத்தது சுருதி. உங்களுக்கு வசதியான சுருதியில் பாடாதீர்கள், இரண்டு கட்டை இறக்குங்கள். பாட்டு முழுவதும் ஒரு ஸ்தாயிக்குள் இருக்க வேண்டும். நீங்கள் உச்சத்துக்குப் போய்க் காட்டினால் அது கச்சேரி. கேட்டுவிட்டுக் கைதட்டத்தான் செய்வார்கள். தாளையும் தூக்கிப் போடுங்கள். குனிந்து வாசிக்கிறவனுக்குக் குரல் வெளியே வராது. அத்தோடு உங்கள் பாட்டிமாரில் எத்தனை பேருக்கு அந்தச் சின்ன எழுத்துத் தெரியும்?

பதில்
பசறை டீச்சர் (ஓய்வு)

தம்பி, உங்கள் எழுத்தில் பகிடி இருக்கிறது, ரசித்தேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

என் அப்பா காலத்தில் விடியற்காலையில் தப்பு அடித்துப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைப்பார்கள். அந்தத் தப்பை அடித்தவனும் நம் ஆள், அதைக் கேட்டு எழுந்து ஓடியவர்களும் நம் ஆட்கள். அதே நேரத்தில் கிளப்பில் பியானோவைச் சுற்றி நின்று துரைமார் பாடிய பாட்டுகளை, இன்று நீங்கள் சிவப்பு வெயிஸ்ட்கோட் போட்டுக்கொண்டு பாடுகிறீர்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு இனிய பழங்காலம். யாருடைய இனிய காலம்? கோபத்தில் கேட்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவளுக்கு வாய் சும்மா இருப்பதில்லை.

இன்னொன்று. கூட்டமாகப் பாடும் பாட்டைத் தேடி நீங்கள் லண்டனுக்குப் போயிருக்க வேண்டாம். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் ஆட்களைச் சேர்த்தார். 1940இல் அந்தப் பாட்டுகளை அச்சிட்டும் வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் உங்கள் தலவாக்கலைத் தொகுதியிலிருந்தே பாராளுமன்றத்துக்குப் போனவர். நம் மக்களின் வாய்மொழிப் பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவரும் அவர்தான். கும்மி, மார்கழி பஜனை, ஒப்பாரி எல்லாமே ஒருவர் எடுக்க மற்றவர் வாங்குகிற பாட்டுகள் அல்லவா?

இரட்டை வாழ்க்கை என்று நீங்கள் அலட்டிக்கொள்வதும் எனக்குப் புரியவில்லை. மாசியில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தில் விரதம் இருந்து ரதி வேடம் கட்டுகிற பையன், மறுநாள் கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்குப் போகவில்லையா? அவனை யாரும் “இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறாய்?” என்று பேட்டி எடுத்ததில்லை.

பதில்
ஸ்டோர் பாட்டுக்காரன்

டீச்சர், வணக்கம். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதை நான் என்னிடமே பல தடவை கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் ஓட்டோவில்.

துரைமார் பாடினார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் உண்டாக்கிய பாட்டு அல்ல. தகரப்பெட்டித் தாள்களுக்குப் பின்னால் எங்கள் பறங்கிக் கிழவர் பென்சிலால் குறிப்பு எழுதி வைப்பார்; அதைப் பிடித்துக்கொண்டு போய் நானும் கொஞ்சம் படித்தேன். இவை லண்டன் ‘மியூசிக் ஹால்’களின் பாட்டுகள். சார்ல்ஸ் மோர்ட்டன் என்பவர் 1852இல் லம்பெத்தில் தன் குடிக்கடையை ஒட்டி ஒரு மண்டபம் திறந்தார். அதற்குப் பிறகு லண்டன் முழுக்க அப்படி மண்டபங்கள் வந்தன. மலிவு இருக்கைகளை நிறைத்தவர்கள் கூலிவேலைக்காரர்கள், தையற்காரிகள், கடைச் சிப்பந்திகள். வாடகை கொடுக்க முடியாமல் இரவோடு இரவாக வீடு மாறுவது, அடகுக் கடை, குடித்துவிட்டு வரும் புருஷன், மாமியார் எல்லாம்தான் பாட்டுப்பொருள். மாமியார் பாட்டு மட்டும் என் பெட்டியில் ஏழு இருக்கிறது. ஒன்றையும் இதுவரை வீட்டில் பாடியதில்லை.

1907 ஜனவரியில் அந்தக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூடுதல் காட்சிகளுக்கு முதலாளிகள் கூலி கொடுக்காததுதான் பிரச்சினை. நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்போது பெரிய நட்சத்திரமாக இருந்தவர் மேரி லொயிட், லண்டனின் ஹொக்ஸ்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஒரு குறையும் இல்லை, நினைத்த சம்பளம் கேட்கலாம். ஆனாலும் சின்னக் கலைஞர்களுக்காக மறியலில் போய் நின்றார். கிளப்பில் பாடிய துரைமாருக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, எனக்குத் தெரிந்ததிலிருந்து வெயிஸ்ட்கோட்டைப் போடும்போது கூச்சம் குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை. ஹோட்டல் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தில், கூடையோடு நிற்கும் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் படத்துக்கு நேர் கீழேதான் பியானோவை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துப் பாடகர்கள் ஒரே இரவில் மூன்று நான்கு மண்டபங்களில் பாடுவார்களாம். ஒன்றில் முடித்துவிட்டு வண்டியில் ஏறி அடுத்ததற்கு ஓடுவது. நான் பஸ்ஸுக்கு ஓடும்போது இதை நினைத்துக்கொள்வேன். அவர்களுக்குக் கடைசியில் ரோலர் இருக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

காமன் கூத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சுள்ளென்று பட்டது. என் அப்பாவே இரண்டு வருடம் ரதி கட்டியவர். வீட்டில் அந்தப் படம் இருக்கிறது. ஒரு மேடைக்காரனின் மகன் என்று நான் என்னை நினைத்ததே இல்லை. ரோலர் அறைத் தொழிலாளியின் மகன் என்றுதான் எங்கேயும் சொல்லியிருக்கிறேன். டிப்போ தம்பி, கடிதம் எழுதியாயிற்று. துரை வாசித்தார், கையெழுத்துப் போட்டார். “ஐந்தாம் மேசைக்குக் காற்று அடிக்கிறது, அடுத்த முறை வேறு மேசை பார்” என்றார்.

பதில்
டிக்கோயா தாதி

தொண்டையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. சலிக்கும் அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். கைக்குட்டை கட்டுவது போதாது. தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது குரல் நாண்களை இன்னும் புண்ணாக்கும். கரகரப்பு வந்தால் இரகசியக் குரலிலும் பேசாதீர்கள், அதுவும் சிரமம் கொடுப்பதுதான். தண்ணீர் குடித்துக்கொண்டு பேசாமல் இருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு மாறாவிட்டால் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போக வேண்டும், இஞ்சிச் சாற்றை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது. பிராந்தி தொண்டைக்கு நல்லது என்று ஹோட்டலில் யாராவது சொல்லியிருப்பார்கள். அது அவர்களுடைய தொண்டைக்கு.

பதில்
மஸ்கெலியாப் பிள்ளை, இப்போது லண்டன்

அண்ணா, டீச்சர், வணக்கம். நான் இங்கே முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்கிறேன். வைட்சப்பல் பக்கத்தில் வில்டன்ஸ் என்று ஒரு மியூசிக் ஹால் இன்னும் இருக்கிறது, 1859இல் கட்டியது. உள்ளே முறுக்கு முறுக்கான தூண்கள் மாடியைத் தாங்கி நிற்கும், சுவர்ச் சுண்ணாம்பு உரிந்தபடி அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவருக்குத் துணையாகத்தான் முதலில் போனேன். அவருக்கு மகளின் பெயர் மறந்துவிட்டது. ஆனால் பியானோ ஆரம்பித்ததும் பல்லவி ஒரு சொல் பிசகாமல் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே இதைப் பாடுகிற சங்கங்களில் பார்த்தால் எல்லோரும் உங்களைப் போலத்தான். கணக்காளர், பல் வைத்தியர், பள்ளிக்கூடச் சமையற்காரர். முழுநேரமாக இதிலேயே பிழைக்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. லீட்ஸ் நகரில் சிட்டி வெரைட்டீஸ் என்ற பழைய அரங்கிலிருந்து பீபீசி 1953 தொடங்கி 1983 வரைக்கும், முப்பது வருடம், இதை நிகழ்ச்சியாக ஒளிபரப்பியது. பார்க்க வருகிறவர்களும் பழங்கால உடுப்பில் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். சொல்ல வந்த விஷயம் இதுதான்: அந்த நிகழ்ச்சியில் சுத்தியல் வைத்திருக்கும் ‘தலைவர்’ பாடுவதே குறைவு. யாரும் பேசாத நீள நீளமான சொற்களை அடுக்கி அடுத்த கலைஞரை அறிமுகம் செய்வார், சனம் “ஓ” என்று கத்தும், அவர் சுத்தியலைத் தட்டுவார். முதலில் கத்த விடுகிறார், பிறகுதான் பாட விடுகிறார். கத்திய வாய்க்குப் பாடுவது சுலபம்.

இதைப் பார்த்தபோது எனக்கு ஊர்க் கூத்தில் வருகிற கட்டியங்காரன்தான் நினைவுக்கு வந்தான். அவனும் அதே வேலையைத்தானே செய்கிறான்? அண்ணா, நீங்கள் தமிழில் பாடகராகப் போய் நின்றீர்கள். கட்டியங்காரனாகப் போய் நின்று பாருங்கள். டீச்சர் எப்போதாவது லண்டன் வந்தால் டிக்கெட் என் செலவு.

பதில்
டிப்போ ட்ரம்ஸ்

ஒரு சின்னச் சேர்க்கை. அண்ணா அனுப்பிய இரண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். ஒன்று மூன்று எண்ணிக்கையில் ஓடுகிறது, மற்றது ஆறில். எங்கள் பைலாவும் ஆறு. டீச்சர் சொன்ன கும்மியைத் தட்டிப் பாருங்கள், காவடிச்சிந்தையும் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட, மும்மூன்றாக எண்ணும் திஸ்ரம். ஆகவே மெட்டை எங்கிருந்தும் கடன் வாங்க வேண்டியதில்லை, நடை ஏற்கெனவே காலில் இருக்கிறது. பியானோவையும் விட்டுவிட்டு ஒரு தப்புக்காரரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பதில்
ஸ்டோர் பாட்டுக்காரன்

ஒரு மாதத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் இரவு, அதே மண்டபம். வெயிஸ்ட்கோட் இல்லை. தலைப்பாகையும், அப்பாவின் பழைய கோட்டும். சுத்தியலுக்குப் பதிலாக ஸ்டோரிலிருந்து ஒரு மரக்கட்டை. தப்பு அடிக்க, ரோலர் அறைப் பெரியவரின் மருமகன்.

மஸ்கெலியாத் தம்பி சொன்ன மாதிரி முதல் கால்மணி நேரம் பாடவே இல்லை. “ஐந்தாம் நம்பர் லயத்தின் அகில உலகக் குழாயடி வீராங்கனை வருகிறார், பராக்!” என்று ஒவ்வொருவராக வம்புக்கு இழுத்தேன். கத்தத் தொடங்கினார்கள். சைக்கிள் பாட்டிக்கு மட்டும் முழு மரியாதையோடு எழுந்து நின்று கும்பிட்டேன், அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

பிறகு நான் கட்டிய ஒரு பல்லவி. இரண்டே வரி, கடைசிச் சொல்லுக்கு இடம் விட்டு:

முள்ளே முள்ளே தராசு முள்ளே, கொஞ்சம் நில்லடி!
ஈரம் என்று கழித்த கிலோ எங்கே, சொல்லடி!

முதல் தடவை ‘சொல்லடி’யைப் பத்துப் பேர் பாடினார்கள். இரண்டாவதில் ஒரு பக்கம் முழுக்க. மூன்றாவது தடவைக்குத் தப்புக்காரப் பையன் தானாகவே வேகம் கூட்டினான். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார். “இப்போது முள் எங்கே இருக்கிறது? எண்தான் ஓடுகிறது. அதை நிறுத்துகிறவர் முன்னால்தானே நிற்கிறார்?” என்றார்.

சொல்ல மறந்துவிட்டேன். கொழுந்து கொட்டுகிற வாரங்களில் ஆள் போதாமல், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுவைக்கு என்னையும் அனுப்புவார்கள். பைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து எழுதுகிற கை என்னுடையதும்தான். பாட்டுக் கட்டும்போது அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே மாற்றிப் பாடிவிட்டார்கள்:

ஐயா ஐயா தராசு ஐயா, கொஞ்சம் நில்லய்யா!
ஈரம் என்று கழித்த கிலோ எங்கே, சொல்லய்யா!

நூற்றைம்பது பேர். எட்டுத் தடவை. தாளும் இல்லை, பியானோவும் இல்லை. கட்டையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், யாரும் நிறுத்துவதாக இல்லை. என் மாமியார் முதல் வரிசையில் கைதட்டிக்கொண்டு பாடினார்.

மறுவாரம் செவ்வாய்க்கிழமை மடுவத்தில் என்னை நிற்க வைத்தார்கள். வரிசை வந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அக்காவின் பை தராசில் ஏறியபோது, வரிசையின் பின்பக்கத்திலிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது கேட்டது, தகிட தகிட என்று. தலையை நிமிர்த்தாமல் பைக்கு மட்டும் கழித்து எழுதினேன், ஈரத்துக்குக் கழிக்கவில்லை. அன்று நல்ல வெயில் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.